வீட்டுக்கு இன்னொரு ஃபியூஸ் பெட்டி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்தார். "முப்பது வருஷத்துக்கு மேல எலெக்ட்ரிகல் வேலையில இருந்திருக்கீங்க. ஏதாவது பெரிய விஷயமா பேசுங்க" என்றார். "பெரிய விஷயம் பேச நம்ம கூட்டத்துல நிறையப் பேர் இருக்காங்க. நான் ஃபியூஸ் கட்டையைப் பத்திப் பேசறேன்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன்தான் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "சரி, இருபது நிமிஷம்" என்றார்.

காரணத்தோடுதான் கேட்டேன். இங்கே சிவில் படித்தவர் இருக்கிறீர்கள், மெக்கானிகல் படித்தவர் இருக்கிறீர்கள். எந்தத் துறையானாலும் எல்லோருக்கும் ஒரு வீடு இருக்கிறது. ஊரில் அப்பா அம்மா கட்டிய பழைய வீடும் பலருக்கு இருக்கிறது. ரிடையர் ஆனதும் அதை இடித்துக் கட்டவா, மேலே ஒரு மாடி எடுக்கவா என்று யோசிக்கும் வயது எங்கள் செட்டுக்கு. டைல்ஸ் என்ன நிறம் என்று மூன்று கடை ஏறி இறங்குகிறோம். சுவருக்குள் போகும் வயரைப் பற்றி மட்டும், "எலெக்ட்ரீஷியன் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு ஹாஸ்டல் கதை. எங்கள் காலத்தில் அயர்ன் பாக்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஆம்லெட் போடுவது ஒரு கலை. அடுத்த அறையில் ஒருவன் பக்கெட்டில் வாட்டர் ஹீட்டர் போடுவான். இரண்டும் சேர்ந்தால் அந்த வரிசை முழுக்க இருட்டு. ஹாஸ்டல் எலெக்ட்ரீஷியன் டார்ச் லைட்டோடு வருவார். ஃபியூஸ் கட்டையை உருவி, ஒரே ஒரு இழை கம்பியைக் கட்டிவிட்டுப் போவார். "அண்ணே, நாலு இழையா கட்டுங்கண்ணே, அடிக்கடி நீங்க வர வேண்டாமே" என்று நாங்கள் யோசனை சொல்வோம். அவர் சிரித்துக்கொண்டே, "கம்பி மெலிசா இருக்கிற வரைக்கும்தான் தம்பி நீங்க பத்திரம்" என்பார். அவர் போனதும் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்போம். நாங்கள் பொறியாளர்கள் ஆகப் போகிறவர்கள் அல்லவா!

1979-ல் பட்டம் வாங்கினேன். 1983 தீபாவளிக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா 1962-ல் கட்டிய வீடு. தெருத் திண்ணையில் ஆரம்பித்துக் கொல்லைக் கிணறு வரை நீளமாகப் போகும். மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்குச் சட்டத்தின்மேல் ரப்பர் உறை வயரைக் கிளிப் அடித்து ஓட்டிய பழைய பேட்டன் வயரிங். கட்டும்போது ஏழெட்டு குண்டு பல்பும் இரண்டு ஃபேனும் ஒரு ரேடியோவும்தான் கணக்கு. பிறகு கிரைண்டர் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது, அயர்ன் பாக்ஸ் வந்தது. அந்தத் தீபாவளி அன்று மூன்றும் ஒன்றாக ஓடி ஃபியூஸ் இரண்டு தடவை போய்விட்டது. அப்பா, "எலெக்ட்ரிகல் இன்ஜினியர்னு பேரு. இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார்.

பார்த்தேன். கையில் ஃபியூஸ் கம்பி இல்லை. கடையும் இல்லை. பழைய டேபிள் ஃபேன் வயரைச் சீவி, உள்ளே இருந்த செம்பு இழைகளில் ஒரு பத்தை எடுத்து, நன்றாக முறுக்கிக் கட்டினேன். "இனிமே போகாதுப்பா" என்றேன். அப்பா அதைத் தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் சொன்னது பலித்தது. இருபத்து மூன்று வருஷம் அந்த ஃபியூஸ் போகவே இல்லை.

2006 மார்கழியில் போயிற்று. ஃபியூஸ் அல்ல, பரண். அப்பா காலமாகி, அம்மா தனியாக இருந்தார். மூட்டு வலிக்காரர், வெந்நீருக்குச் சிரமப்படுகிறாரே என்று 2000 வாட் கீசர் ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன். மாட்ட வந்தவர் பக்கத்தில் இருந்த பழைய பிளக் பாயின்டிலிருந்தே லைன் இழுத்துவிட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா கீசரைப் போட்டிருக்கிறார், தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டிருக்கிறார், ஃபிரிட்ஜ் அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது. முன்கட்டில் பரணை ஒட்டிப் போகும் வயரில் எப்போதோ யாரோ போட்ட ஒரு முறுக்கு ஜாயின்ட். அங்கே பிடித்தது. அம்மா வாசனை தெரிந்து தெருவுக்கு ஓடிவந்து கத்த, எதிர்வீட்டுப் பையன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறான். மெயினை இறக்கிய பிறகுதான் தண்ணீர் ஊற்றினான் பாருங்கள், அந்தப் பையன் எந்தக் கல்லூரியிலும் படித்தவன் இல்லை.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரணில் இருந்த கொலுப் பொம்மைப் பெட்டி மட்டும் எரிந்துவிட்டது. அம்மாவின் கல்யாணத்துக்குப் பாட்டி கொடுத்த மரப்பாச்சியிலிருந்து வருஷா வருஷம் சேர்த்தவை.

மறுநாள் போய்ச் சேர்ந்தேன். ஃபியூஸ் கட்டையை உருவிப் பார்த்தேன். நான் முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பொம்மை போனா போவட்டும்பா. நீ கட்டுன ஃபியூஸ்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றார். 2015-ல் அம்மாவும் போய்விட்டார். அவர் சொன்னதை இத்தனை நாள் காப்பாற்றிவிட்டு, இன்று உங்கள் முன்னால் மீறுகிறேன். இதைக் கேட்டு உங்களில் ஒருவர் வீட்டு ஃபியூஸைத் திறந்து பார்த்தாலும் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் செய்த தவறு என்ன என்று கணக்காகவே சொல்கிறேன். ஃபியூஸ் கம்பியில் 5 ஆம்பியருக்கு உள்ளது 0.2 மி.மீ. குறுக்களவு. 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ., 30 ஆம்பியருக்கு 0.85 மி.மீ. ஃபேன் வயரில் உள்ள ஒரு செம்பு இழையும் ஏறக்குறைய 0.2 மி.மீ.தான். அதாவது ஓர் இழையே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ். நான் கட்டியது பத்து இழை. அதிலும், கம்பி கட்டும் ஃபியூஸ் அதன் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். ஆக நான் வைத்த காவல்காரன் நூறு ஆம்பியர் வந்தால்தான் கண் விழிப்பான். அவன் காவல் காத்த வயரோ பழைய கணக்கில் 3/22. இன்றைய கணக்கில் சுமார் 1.2 சதுர மி.மீ. நாற்பது வருஷத்துக்கு மேல் வெந்து, ரப்பர் கையில் தொட்டால் பொடியாக உதிர்கிற வயர்.

வயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஃபியூஸ் என்பது கிரைண்டரைக் காப்பாற்ற வைத்தது என்று மனதுக்குள் நினைத்துவிட்டேன். கிரைண்டருக்காக அல்ல, சுவரில் ஓடும் வயருக்காகத்தான் ஃபியூஸ். எந்தப் பொருளை மாட்டினாலும் வயர் தாங்குகிற அளவுக்கு மேல் ஓடவிடாமல் தடுப்பதே அதன் வேலை. அது அடிக்கடி போகிறது என்றால் வீட்டு வயரிங் நம்மிடம் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். நான் அதன் வாயை அடைத்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். அந்த வீட்டை முழுவதும் ரீவயரிங் செய்து, மாடியில் ஓர் அறையும் எடுத்து, மாடிக்கென்று இன்னொரு பெட்டி வைப்பதென்று முடிவாயிற்று. கட்டம் போட்ட பேப்பரில் நானே பிளான் போட்டேன். லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். என் பிளானைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கீழ்ப் பெட்டியில் காலியாக இருக்கும் ஒரு வழியிலிருந்து இரண்டரை ஸ்கொயர் வயர் இழுத்து மாடிப் பெட்டியில் கொடுப்பதாக எழுதியிருந்தேன். அவர் அதன்மேல் விரலை வைத்து, "சார், பெட்டி பெரிசா இருக்கு. இந்தப் பெட்டிக்குச் சோறு எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார்.

இன்னொரு ஃபியூஸ் பெட்டி வைக்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெட்டியில் எட்டு சுவிட்ச் வைத்துவிட்டால் எட்டு மடங்கு கரண்ட் வந்துவிடாது. அதற்கு வரும் வயர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். ஆகவே வேலையைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வேலை, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடப்பது. என்னென்ன சாதனம், எத்தனை வாட், எது எதனோடு சேர்ந்து ஓடும் என்று எழுதுங்கள். வாட்டை 230-ஆல் வகுத்தால் சுமாராக ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர். ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 8. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் நாலரை. சமையலறையில் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 1500 வாட் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் 15 ஆம்பியருக்கு மேல். மிக்ஸி, ஃபிரிட்ஜ் கணக்கே இன்னும் வரவில்லை. பழைய வீடுகளில் சமையலறைக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. இன்று வீட்டிலேயே அதிகம் இழுக்கும் அறை அதுதான். நாளைக்கு வாசலில் மின்சார ஸ்கூட்டர் நிற்கலாம். அதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

இரண்டாவது, சர்க்யூட்டுகளைப் பிரிப்பது. நாங்கள் படித்த வயரிங் விதிகளில் லைட் சர்க்யூட் ஒன்றுக்குப் பத்து பாயின்ட் அல்லது 800 வாட், பவர் சர்க்யூட் ஒன்றுக்கு 3000 வாட், இரண்டு பாயின்டுக்கு மேல் கூடாது என்று இருந்தது. அதை மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கீசருக்குத் தனி, ஒவ்வொரு ஏ.சி.க்கும் தனி, சமையலறைக்கு இரண்டு, மோட்டாருக்குத் தனி, ஃபிரிட்ஜுக்கு முடிந்தால் தனி. லைட்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று விழுந்தாலும் படிக்கட்டில் வெளிச்சம் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக வயரின் அளவு, அதன் பிறகுதான் எம்.சி.பி. இந்த வரிசை மாறக் கூடாது. பைப்புக்குள் தனியாக ஓடும் பி.வி.சி. செம்பு வயர், நம் ஊர் 40 டிகிரி வெயிலில், 1.5 ஸ்கொயர் சுமார் 15 ஆம்பியர் தாங்கும். 2.5 ஸ்கொயர் சுமார் 20, 4 ஸ்கொயர் சுமார் 27, 6 ஸ்கொயர் சுமார் 35. ஒரே பைப்பில் இரண்டு மூன்று சர்க்யூட்டைத் திணித்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு ஏறி இது கால்வாசிக்கு மேல்கூடக் குறையும். ஆகவே 1.5-க்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20, 6-க்கு 32 என்று எம்.சி.பி. வைப்பது வழக்கம். "சார், 16 அடிக்கடி விழுது, 32 போட்டுரலாமா?" என்று யாராவது கேட்டால், என் அம்மாவின் கொலுப் பொம்மைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் மாற்றுவது, பத்து இழை முறுக்கின் இன்றைய வடிவம். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்காவது, அந்த இன்னொரு பெட்டி. எங்கள் மாடிக்கு இரண்டு ஏ.சி., ஒரு கீசர், லைட் ஃபேன் எல்லாம் சேர்த்து 28 ஆம்பியர் வந்தது. மீட்டர் தெருத் திண்ணையில், மாடிப் பெட்டி பின்கட்டில். நடுவில் 25 மீட்டர் ஓட்டம். என் இரண்டரை ஸ்கொயரில் அது தாங்காது என்பது ஒருபுறம். போகிற வழியிலேயே 12 வோல்ட்டுக்கு மேல் தொலைந்திருக்கும். 6 ஸ்கொயரில் 5 வோல்ட்தான் குறையும். ஆகவே 6 ஸ்கொயர் வயர், கீழே அது கிளம்பும் இடத்திலேயே 32 ஆம்பியர் எம்.சி.பி., மேலே பெட்டியில் ஒரு மெயின் ஐசொலேட்டர் என்று வயர்மேன் திருத்தினார். மாடிக்குப் போகும் வயருக்குக் காவல் அது கிளம்பும் இடத்தில் இருக்க வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் வைத்தால் நடுவில் உள்ள 25 மீட்டருக்கு யார் காவல்?

வீட்டின் மொத்த லோடு கூடியதால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து மூன்று பேஸ் இணைப்பு வாங்கினோம். மீட்டரும் அதற்கு முன்னால் சீல் வைத்த கட்அவுட்டும் வாரியத்தின் சொத்து. அதில் நாமும் கை வைக்கக் கூடாது, நம் வயர்மேனும் கை வைக்கக் கூடாது. அதற்கு இப்பால் உள்ள வேலையும் லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. டிகிரி வாங்கிய நானும் இதில் சேர்த்திதான்.

பெட்டியின் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளியலறையில் கூடாது, அடுப்புக்கு மேல் கூடாது, பீரோவுக்குப் பின்னால் கூடாது. மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் அடுக்கி வைக்கும் இடத்திலும் கூடாது. நான் அழகுக்காக ஏழடி உயரத்தில் குறித்திருந்தேன். வயர்மேன், "அம்மா கைக்கு எட்டுமா?" என்று கேட்டார். அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அவர் கை எட்டும் உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். நெருப்பு பிடித்தால் இறக்க வேண்டியவர் வீட்டில் இருப்பவர்தானே! இரண்டு மூன்று வழி காலியாகவும் விட்டு வையுங்கள். பத்து வருஷம் கழித்து வரும் சாதனத்துக்கு இன்றே பெயர் தெரியாது.

ஐந்தாவது, நியூட்ரல். பழைய பெட்டிகளில் பேஸுக்கு ஒரு ஃபியூஸ், நியூட்ரலுக்கு ஒரு ஃபியூஸ் என்று ஜோடியாக இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. இதில் நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் அணையும், ஃபேன் நிற்கும், கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்போம். பேஸ் முழு உயிரோடு இருக்கும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளே சொல்லிவிட்டன. இன்றும் பழைய வீடுகளில் அது இருக்கிறது. மூன்று பேஸ் வீட்டில் பொது நியூட்ரல் கழன்றால் இன்னும் மோசம். சில சாதனங்களுக்கு 230-க்குப் பதில் 400-ஐ நெருங்கி ஏறிவிடும். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். இரண்டு பெட்டி வைக்கும்போது, மேல் பெட்டி சர்க்யூட்டின் நியூட்ரல் மேல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று கீழ்ப் பெட்டி நியூட்ரலில் முடிச்சுப் போட்டால், அடுத்து நான் சொல்லப் போகும் ஆர்.சி.சி.பி. நிற்கவே நிற்காது.

ஆறாவது, எர்த். எங்கள் வீட்டு எர்த் வயர் கொல்லையில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. பிளம்பர் ஒரு தடவை குழாயை மாற்றிப் பிளாஸ்டிக் போட்டார். குழாய் ஒழுகுவது நின்றது, எர்த்தும் நின்றது. யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறார். "செருப்புப் போட்டுக்கிட்டு அரைங்க" என்று போனில் பதில் சொன்னவன் நான். ரீவயரிங் என்றால் ஒழுங்காக ஒரு எர்த் குழி, அங்கிருந்து இரண்டு பெட்டிக்கும் எர்த் கம்பி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர். இதில் சிக்கனம் வேண்டாம்.

ஏழாவது, ஆர்.சி.சி.பி. நூறு மில்லி ஆம்பியர் உடம்பு வழியாக ஓடினால் இதயம் நின்றுபோகக்கூடும். 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி கூட இல்லை. அது கண்டுகொள்ளாது. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண நேரத்தில் வெட்டிவிடுவது ஆர்.சி.சி.பி. பெட்டிக்கு ஒன்றாக வையுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அது ஓவர்லோடுக்கு விழாது, எம்.சி.பி. எர்த் கசிவுக்கு விழாது. ஒன்று வயருக்கு, ஒன்று ஆளுக்கு. இரண்டும் வேண்டும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. அதன்மேல் உள்ள டெஸ்ட் பட்டனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். அந்த சர்க்யூட்டுகளைத் தனியாகப் பிரித்து, பெட்டியில் பளிச்சென்று எழுதி வையுங்கள்.

வேலை முடிந்ததும் மெக்கர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெக்ஓமுக்குக் குறையக் கூடாது. சுவரைப் பூசி மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு படம் மாட்ட ஆணி அடிக்கும்போது என்னை வாழ்த்துவீர்கள். பெட்டிக் கதவின் உள்பக்கம் எந்த சுவிட்ச் எதற்கு என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவே தன் கையெழுத்தில் எழுதினார். "மாடி கீசர்", "கிணத்து மோட்டார்", "சாமி ரூம் லைட்டு". இன்றும் அந்தத் தாள் அங்கேயே இருக்கிறது.

புதுப் பெட்டி மாட்டிய முதல் மாதம் மாடி ஏ.சி. லைன் ஒரு நாள் விழுந்தது. பக்கத்து வீட்டார், "என்னங்க, இவ்வளவு செலவு பண்ணியும் விழுதே" என்றார்களாம். அம்மா எனக்குப் போன் செய்து, "விழுந்துச்சுப்பா, நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். நான் நாலு வருஷம் படித்தும் புரியாதது அம்மாவுக்கு ஒரு மாதத்தில் புரிந்துவிட்டது. வந்து பார்த்ததில் ஏ.சி. பிளக்கில் ஒரு முனை தளர்ந்து கருகி, வயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய முறுக்குக் கம்பியாக இருந்தால் அது சுவர் வரை எரிந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பெரிய பெரிய மின்நிலையங்களில் வேலை பார்ப்பீர்கள், வெளிநாடு போவீர்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அப்பா உங்களிடமும், "இன்ஜினியர்தானே, இதைப் பாரு" என்பார். அப்போது சட்டென்று கை வைத்துப் பெயர் வாங்கிவிடாதீர்கள். "ஏன் போகுது?" என்று முதலில் கேளுங்கள். தெரியாவிட்டால், "நாளைக்கு வயர்மேனைக் கூப்பிடுவோம்ப்பா" என்று சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. அன்று நான் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஒரு ராத்திரி இருட்டில் போயிருக்கும், அவ்வளவுதான்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊரில் பழைய வீடு இருந்தால், அடுத்த தடவை போகும்போது ஒரு வயர்மேனைக் கூட்டிக்கொண்டு போய், மெயினை இறக்கிவிட்டு, ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். உள்ளே கட்டியிருக்கும் கம்பி எத்தனை இழை என்று எண்ணுங்கள். அதைக் கட்டியவர் யார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். பல வீடுகளில் அது நாமாகவே இருப்போம்.

எங்கள் ஹாஸ்டல் எலெக்ட்ரீஷியன் அண்ணன் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவருக்கும், என் பிளானைத் திருத்திய வயர்மேனுக்கும் இந்த மேடையில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். இருபது நிமிஷம் கேட்டுவிட்டு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். செயலாளர் ஃபியூஸைப் பிடுங்குவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.